நீராவி சிறுத்துவிடாது

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தோட்டத்து மூலையில் ஒரு சிறு லேத்தைப் போட்டுக்கொண்டு, வார்ப்பிரும்பைக் கடைந்தும் செப்புத் தகட்டை வளைத்தும் பல வருஷங்கள் பாடுபட்டு, முழங்கால் உயரங்கூட இல்லாத ஒரு நீராவி ரயில் எஞ்சினைச் செய்து முடித்தால், அதை விளையாட்டுச் சாமான் என்று சொல்லி நகர்ந்துவிடுவது பலருக்குச் சுபாவமாகியிருக்கிறது. அந்தச் சொல்லை நான் ஒப்ப மாட்டேன். சாவி கொடுத்தால் ஓடுவது விளையாட்டுச் சாமான். கரியைத் தின்று, தண்ணீரைக் குடித்து, தன்னைச் செய்தவரையே பின்வண்டியில் ஏற்றி இழுத்துப் போவது எஞ்சின்.

3½ அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின் அசலில் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்கு. நீளம் அவ்வாறு குறைந்தால் பரப்பு 256-இல் ஒன்றாகவும் கொள்ளளவு 4096-இல் ஒன்றாகவும் குறைந்துவிடும். நெருப்பின் குணமும் நீரின் குணமுமோ அணுவளவும் குறையா. பெரிய பாய்லரின் நூற்றுக்கு மேற்பட்ட புகைக்குழாய்களை அதே விகிதத்தில் சுருக்கினால், ஒவ்வொன்றும் துடைப்பக் குச்சி கனத்துக்கு வந்து, சாம்பல் அடைத்து, நெருப்பு மூச்சுத் திணறி அவிந்துபோகும். ஆகவே எண்ணிக்கையைக் குறைத்துத் துவாரத்தைப் பெரிதாக்கியாக வேண்டும். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை மிக மெல்லியதாக வைத்தால், தண்ணீர் தானாகவே அதில் மேலேறி நின்று பொய் சொல்லும். பௌதிகப் பாடத்தை இவ்வளவு பிரத்தியட்சமாகப் போதிக்கும் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தில் 1898-இல் தோன்றிய ‘மாடல் எஞ்சினியர்’ பத்திரிகையில், தாம் வேலை பார்த்த ரயில்வேயின் முதலெழுத்துகளையே புனைபெயராக்கிக்கொண்டு ‘எல்.பி.எஸ்.சி.’ என்று எழுதிவந்தார் கர்லி லாரன்ஸ். இத்தனை சிறிய எஞ்சினுக்குக் கரி எரிக்கும் அசல் மாதிரிப் பாய்லர் ஒத்துவராது, ஸ்பிரிட் விளக்கே கதி என்ற அபிப்பிராயம் வலுத்திருந்த 1920-களின் தொடக்கத்தில், 2½ அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் தமது ‘ஆயிஷா’வைக் கரியில் ஓட்டி, வளர்ந்த மனிதரை இழுக்கச் செய்து அந்த வழக்கைத் தீர்த்தவர் அவர். ஆயினும் என் மதிப்பில் அதைவிடப் பெரிய காரியம், ‘டிச்’ போன்ற சிறு எஞ்சின்களை, கல்லூரி வாசலை மிதிக்காதவனும் கட்டி முடிக்கும்படி, எந்தத் துண்டை எப்படிப் பிடிப்பது, எங்கே துளையிடுவது என்று பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வாரந்தோறும் எழுதியதுதான். தொழில் ரகசியம் என்று எதையும் மூடிவைக்காத அந்த ஔதாரியத்தால் எத்தனையோ சாமானியர் வீட்டில் எஞ்சின்கள் உயிர் பெற்றன.

அந்த உயிர் எளிதில் வருவதன்று. 80 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்ய வேண்டிய புதுப் பாய்லருக்குள் முதலில் குளிர்ந்த நீரை அடைத்து, 160 பவுண்டு வரை ஏற்றி, வெள்ளிப் பற்று வைத்த மூட்டு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்க்கிறார் நம் தோட்டத்து மூலை மனிதர். பிறகொரு காலையில் மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக்கரியை இட்டுப் பற்றவைத்து, புகைபோக்கியின்மேல் சிறு மின்விசிறியை வைத்துக் காற்றை இழுக்கச் செய்து, புளியங்கொட்டை அளவு நிலக்கரியைக் கரண்டி கரண்டியாகப் போடுகிறார். அழுத்தமானியின் முள் அசைகிறது. சற்றைக்கெல்லாம் பாதுகாப்பு வால்வு சீறுகிறது. விசிறியை எடுத்து வைத்துவிட்டு, நீர்மட்டத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டு, பின்வண்டியில் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து, ரெகுலேட்டரை மயிரிழை அளவு திறக்கிறார்.