அறிகுறி காட்டாத வட்டுகள்

வீட்டுக் கணினியின் ஹார்டு டிஸ்க் பழுதாகும் முன் ஏதேனும் அறிகுறி காட்டும் என்பது பரவலான நம்பிக்கை. 2007-இல் கூகுள் வெளியிட்ட ஆய்வு அதைத் தகர்த்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளைக் கண்காணித்ததில், பழுதானவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை, 'ஸ்மார்ட்' எனும் சுயபரிசோதனை அமைப்பின் நான்கு முக்கிய அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

2011-இல் தாய்லாந்துப் பெருவெள்ளத்தால் உற்பத்தி முடங்கி, வட்டுகளின் விலை உயர்ந்தது. அவ்வாண்டு இறுதியில் சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் பல வட்டுகளுக்கான உத்தரவாதக் காலத்தைக் குறைப்பதாக அறிவித்தன. உத்தரவாதம் நீண்டிருந்தாலும் கிடைப்பது வெற்று வட்டுதான். பழையதில் இருந்த குழந்தையின் புகைப்படங்களும் ஆய்வேடும் திரும்பி வருவதில்லை. அந்த இழப்பு முழுவதும் நுகர்வோருடையதே.

ஆகவே, கணினி வாங்கும்போதே இரண்டாவது வட்டின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுவது விவேகம். வேறோர் இடத்தில் வைத்த பிரதியே மெய்யான உத்தரவாதம்.