கடிகாரம் பழுது பார்ப்பவருக்கு ஒரு மேஜை இடம்

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்திலிருந்து கடுக்காயும் புளியும் கொண்டு வரும் பெரியவர்களின் மணிக்கட்டை வணிகர்கள் கவனித்திருப்பார்கள். சிலர் கையில் பழைய எச்.எம்.டி. ஆட்டோமேட்டிக் இன்னும் ஓடுகிறது. பேட்டரி கிடையாது. கை அசைய அசைய உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். மண்வெட்டி பிடிக்கும் கையில் அது நிற்பதே இல்லை. நாளெல்லாம் கல்லாவில் அமர்ந்திருக்கும் நம் கையில்தான் அடிக்கடி நின்றுவிடுகிறது!

1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகார உற்பத்தி தொடங்கிற்று. 1980களின் இறுதியில் ஓசூரிலிருந்து வந்த டைட்டன் குவார்ட்ஸ் கடிகாரங்கள் சந்தையையே மாற்றிவிட்டன. 2016இல் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவு செய்தது. ஆலை போயிற்று, வீட்டுப் பெட்டிகளில் கடிகாரங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து வந்த சீகோக்களும் உண்டு. இவற்றைத் திறக்கத் தெரிந்த கைகள்தாம் நம் கடைவீதியில் குறைந்து வருகின்றன.

நம் தந்தையார் கட்டியிருந்த ஆட்டோமேட்டிக்கைச் சில ஆண்டுகளுக்கு முன் பெரிய நகரம் ஒன்றில் சர்வீசுக்குக் கொடுத்தோம். கேட்ட தொகையைக் கொடுத்து வாங்கி வந்தோம். இரவில் கழற்றி வைத்தால் விடிவதற்குள் நின்றது. முழு முறுக்கில் சுமார் 40 மணி நேரம் ஓட வேண்டியது அது. வேறொருவர் பிரித்துப் பார்த்துக் காரணம் சொன்னார். ஆட்டோமேட்டிக்கில் மெயின் ஸ்பிரிங்கின் வெளிமுனை டப்பியோடு பூட்டப்பட்டிருக்காது. முறுக்கு நிறைந்ததும் சுவரில் வழுக்கிக் கொடுக்கும். அந்தச் சுவருக்கென்று தனி கிரீஸ் உண்டு. முதலில் பார்த்தவர் சாதாரண எண்ணெயை விட்டதால் பாதி முறுக்கிலேயே வழுக்கியிருக்கிறது. அதுகூடப் போகட்டும். முகப்பையும் மாற்றி, புதிதாய்ப் பெயின்ட் அடித்த ஒன்றை வைத்திருந்தார்கள். பழையதைக் கேட்டால், "தூக்கிப் போட்டாச்சு" என்றார்கள். அந்த முகப்பைத்தானே நாம் சிறு வயதிலிருந்து பார்த்து வந்தோம்!

எடையில் குறைத்தால் வாடிக்கையாளர் நம்மை விடுவாரா? வாட்ச் கடைக்கும் அதே நியாயம்தான். கடிகாரத்தை வாங்கும்போதே பெயர், எண், நிலை ஆகியவற்றை ரசீதில் எழுத வேண்டும். பாகம் மாற்றுவதானால் விலை சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். கழற்றியதை ஒரு காகிதத்தில் மடித்துத் திருப்பித் தர வேண்டும். பழைய கடிகாரம் விற்போர், முகப்பு மறுபெயின்ட் என்றால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கூலி விஷயத்தில் குற்றம் நம் பக்கம் இருக்கிறது. முழுதும் பிரித்து, கழுவி, கல் கல்லாகப் பார்த்து எண்ணெய் வைத்து, பூட்டியபின் சில நாள் ஓடவிட்டுப் பார்ப்பது ஒரு வேலை. பேட்டரி மாற்றுவது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே கூலி பேசுகிறவர்களில் வணிகர்களாகிய நாமே முன்னால் நிற்கிறோம். இப்படிப் பேசினால் எந்தத் தகப்பன் தன் மகனை இத்தொழிலில் உட்கார வைப்பான்?

துணிக்கடையோ பாத்திரக்கடையோ, படிக்கட்டின் கீழ் நான்கடி இடம் சும்மா கிடக்கும் கட்டடங்கள் நம்மிடம் பல உண்டு. ஒரு மேஜை, நல்ல விளக்கு, தூசி தடுக்க ஒரு கண்ணாடித் தடுப்பு போதும். முதல் ஆண்டு வாடகை வேண்டாம். பழகுவதற்கு ஒரு பையனை உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நிபந்தனையாக இருக்கட்டும். இடம் தர விரும்பும் உறுப்பினர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.