முழு விலையைச் சொல்லுங்கள்

மின்சார இருசக்கர வண்டி விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது எக்ஸ்-ஷோரூம் விலை. ஷோரூமில் உட்கார்ந்து கொட்டேஷன் கேட்டால்தான் மற்றவை வரிசைகட்டி வரும்: பதிவுக் கட்டணம், ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு, கூடுதல் பேட்டரி வாரண்டி, போதாததற்கு சாஃப்ட்வேர் பேக். வண்டிக்குள்ளேயே இருக்கும் வசதியைத் திறந்துவிடத் தனியாகக் காசு கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முன்பு சார்ஜரையே தனியாக விற்றார்கள். குறிப்பிட்ட விலைக்கு உட்பட்ட வண்டிக்குத்தான் மத்திய அரசின் ஃபேம் மானியம் என்பதால், கணக்கில் விலை குறைந்து தெரிய வேண்டியிருந்தது. அரசு கண்டுபிடித்த பிறகு, 2023-இல் முன்னணி நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன.

மானியமும் கரைந்துவிட்டது. ஒரு கிலோவாட்-மணி பேட்டரித் திறனுக்கு 15,000 ரூபாயாக இருந்தது 2023 ஜூனில் 10,000 ஆனது. 2024 ஏப்ரலில் 5,000. 2025 ஏப்ரலில் 2,500. 2025 செப்டம்பரில் 350 சி.சி. வரையிலான பெட்ரோல் வண்டிகளின் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆக இறங்கியது. மின்சார வண்டிக்கு அதே 5 விழுக்காடுதான். பெட்ரோல் வண்டியோடு இருந்த விலைப் போட்டி இன்னும் கடினமாகிவிட்டது.

மாதத் தவணையில் வண்டி எடுத்து உணவு டெலிவரிக்கு ஓட்டும் இளைஞருக்கு ஒவ்வொரு ஆயிரமும் பெரிது. ஆன்-ரோடு விலையையும், வாரண்டி முடிந்தபின் பேட்டரி மாற்ற ஆகும் செலவையும் விளம்பரத்திலேயே போட வேண்டும் என்று அரசு கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, முன்பணம் கட்டுமுன் இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.