டிஎம்டி கம்பி: நம்பர் பெருசா இருந்தா தரமும் பெருசா?

வீடு கட்டப் போறவங்க கம்பிக் கடையில் கேட்கும் முதல் கேள்வி, ‘டன் என்ன விலை?’ அடுத்தது, ‘500-ஆ, 550-ஆ?’ நம்பர் கூடினால் தரமும் கூடும் என்பது பலரின் நம்பிக்கை. ஆனா, அந்த நம்பர் பாதிக் கதைதான்.

மில்லில் என்ன நடக்குது?

உருட்டி முடிக்கும்போது கம்பியின் வெப்பம் சுமார் 950 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் கார்பன் இரும்புக்குள் கரைந்திருக்கும். உடனே கம்பி மீது வேகமாகத் தண்ணீர் பீய்ச்சப்படுகிறது. வெளிப்பக்கம் சட்டென்று குளிர்வதால், கார்பன் வெளியேற நேரமில்லாமல் சிக்கிக்கொள்கிறது. இப்படி உருவாவதுதான் ‘மார்ட்டென்சைட்’. ரொம்பக் கடினம், ஆனா எளிதில் உடையும்.

நடுப்பகுதியோ இன்னும் தகித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூடு வெளியே பரவி, மேல்பகுதியை மறுபடியும் சுமார் 600 டிகிரி வரை சூடாக்கும். உடையும் தன்மை குறையும். இதுதான் ‘டெம்பரிங்’. நடுப்பகுதி மெதுவாக ஆறுவதால் மென்மையாக, வளையும் தன்மையோடு இருக்கும். வெளியே உறுதி, உள்ளே நெகிழ்வு. டிஎம்டி-யின் ரகசியம் இவ்வளவுதான்.

‘டி’ எழுத்து ஏன் முக்கியம்?

எஃப்இ 500 என்றால், சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 500 நியூட்டன் விசை வரை கம்பி நிரந்தரமாக உருமாறாது. அறுவதற்கு முன் எவ்வளவு நீளும் என்பது தனிக் கணக்கு. ஐஎஸ் 1786 தரவிதிப்படி எஃப்இ 500-க்குக் குறைந்தபட்ச நீட்சி 12%. எஃப்இ 550-க்கு 10% போதும். எஃப்இ 500டி-க்கு 16% வேணும்.

நிலநடுக்கத்தில் நீளும் கம்பி, உடனே அறாமல் அதிர்வின் ஆற்றலை உள்வாங்கும். உள்ளே இருப்பவர்கள் தப்பிக்க நேரம் கிடைக்கும். அதனால்தான் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான ஐஎஸ் 13920, எஃப்இ 500, 550 கம்பிகளுக்கு 14.5%-க்கு மேல் நீட்சி கேட்கிறது. இது நமக்கு எதுக்குன்னு நினைக்க வேண்டாம். 2002-லேயே சென்னை நிலநடுக்க மண்டலம் 2-ல் இருந்து 3-க்கு உயர்த்தப்பட்டது.

சைட்டில் நடக்கும் தவறு

வளைக்கச் சிரமமா இருக்குன்னு கம்பியை கேஸ் வைத்துச் சிவக்கச் சூடாக்குவது உண்டு. அது காற்றில் மெதுவாக ஆறும்போது, மில்லில் தண்ணீர் தந்த உறுதி போயிடும். பார்க்க அதே கம்பிதான், பலம் அதே இல்லை. டிஎம்டி கம்பியைச் சூடாக்காமல்தான் வளைக்கணும்.

என்ன கேட்கணும்?

எந்த கிரேடு என்பதை உங்கள் இன்ஜினீயர் முடிவு செய்யட்டும். கடையில் டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்க. அதில் நீட்சி எத்தனை சதவீதம்னு பாருங்க. கான்கிரீட் போட்ட பிறகு கம்பியை மாற்ற முடியாது.