செல்ஃப் எடுக்காத ஜீப்பும் இறக்கத்தில் நிறுத்தும் பழக்கமும்

விடிகாலையில் போடி வீதிகளில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தூக்குவாளியும் கொங்காணியுமாகப் பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் போக வேண்டும். அந்த ஜீப் உயிர் பிடிக்கவில்லை என்றால் அத்தனை பேருக்கும் அன்றைக்குக் கூலி இல்லை. தோட்டத்தில் காய் சரத்திலேயே பழுத்து வெடிக்கும்.

நகரத்தில் இதே வண்டியை ‘கிளாசிக்’ என்று சொல்லி மெருகேற்றி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிறார்கள். 1947-ல் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. அந்த வம்சத்து வண்டிகள் நம் மலையில் இன்றைக்கும் மண்வெட்டி மாதிரி ஒரு கருவிதான். பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றியது, பூஷோ எஞ்சினோடு வந்த எம்.எம். 540 என்று எத்தனையோ கோலத்தில் ஓடுகின்றன. இயற்கை வேளாண்மைப் பத்திரிகையில் ஜீப் எதற்கு என்று கேட்கலாம். பயிரில் நாம் விட்டொழித்த ஒரு பழக்கத்தை வண்டியில் அப்படியே வைத்திருக்கிறோம் என்பதால்தான் எழுதுகிறேன்.

என் வண்டி போன மழைக்காலத்தில் ஒருநாள் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு பட்டறைக்காரர் வந்து பார்த்தார், பார்க்காமலே சொன்னார் என்பதே சரி: “பேட்டரி செத்துப்போச்சுண்ணே, புதுசு போட்டுருங்க.” போட்டேன். நாலு நாள் ஓடியது. மறுபடி ‘டக்’. “அப்ப செல்ஃப் மோட்டார்தாண்ணே.” அதையும் கழற்றி வேறு மாட்டினோம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கடைசியில் பக்கத்துத் தோட்டத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்ந்த ஒரு பெரியவர் வந்தார். ஒன்றையும் கழற்றவில்லை. “ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃபை அடிப்பா” என்றார். அடித்தேன். விளக்கு மங்கவே இல்லை. பிறகு வண்டியில் கிடந்த தடித்த ஒயரை எடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்டிலும் பிடித்துக்கொண்டு, “இப்ப அடி” என்றார். எஞ்சின் சும்மா கிறுகிறுவென்று சுற்றியது.

எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையில் உள்ள எர்த் பட்டைதான் காரணம். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டை இல்லாமல் கரண்ட் திரும்பிப் போக நல்ல வழி கிடையாது. போல்டைக் கழற்றினால் அடியில் பச்சையும் துருவுமாகப் பூத்துக் கிடந்தது. எப்படி என்றா கேட்கிறீர்கள்? பின்னால் ஏற்றிப் போன பஞ்சகவ்யக் கேன் கசிந்திருக்கிறது. வண்டியை எப்போதும் இறக்கம் பார்த்து நிறுத்தியதால், கசிந்தது எல்லாம் சட்டத்தோடு முன்பக்கமாகவே ஓடியிருக்கிறது. கோமியத்தில் உள்ள உப்பு இரும்பை விடுமா? பொட்டாஷ் மூட்டை ஏற்றுகிறவன் வண்டிதான் துருப்பிடிக்கும் என்று பேசிக்கொண்டிருந்த எனக்கு நன்றாக வேண்டியதுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்டை முறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். செலவு உப்புத்தாளுக்கு மட்டும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் கொடுத்தது போனது போனதுதான்.

அந்தப் பெரியவர் செய்ததில் மாயம் இல்லை. கரண்ட் போகிற பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தேடிப் போனார். முதலில் ‘செல்ஃப் எடுக்கல’ என்பதையும் ‘செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல’ என்பதையும் பிரிக்க வேண்டும். எஞ்சின் சுற்றியும் உயிர் பிடிக்கவில்லை என்றால் டீசல், காற்று, ஹீட்டர் பிளக் என்று வேறு கதை. சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, கேபிள், சுவிட்ச், சொலினாய்டு, மோட்டார், எஞ்சின் ஆகியவற்றுக்குள்தான் ஆள் ஒளிந்திருக்கிறான்.

சத்தமே வழி சொல்லும். ‘டகடகடக’ என்று வந்தால் பெரும்பாலும் பேட்டரியில் சத்து இல்லை, அல்லது டெர்மினல் பூத்திருக்கிறது. ஒரே ‘டக்’ வந்து விளக்கு மங்காமல் இருந்தால் சொலினாய்டுக்குள் செம்பு முகம் கருகியிருக்கலாம், மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ‘வீர்’ என்று மோட்டார் மட்டும் தனியே சுற்றினால் பென்டிக்ஸ் போய்ப் பல்லில் கவ்வவில்லை. சத்தமே இல்லை, விளக்கு பளிச்சென்று எரிகிறது என்றால் சுவிட்சையும் சொலினாய்டுக்குப் போகும் சின்ன ஒயரையும் பாருங்கள்.

கையில் ஒரு மீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நிறைந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டும். 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழ் என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியில்தான் குறை. விழாமல் நின்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் முளையிலும் மறுமுனையை எஞ்சினிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு. மீட்டர் இல்லையா? நாலைந்து முறை அடித்துவிட்டு இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இணைப்புதான் கெட்ட இணைப்பு.

மிகப் பழைய 6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வோல்ட் பாதி என்றால் அதே வேலைக்குக் கரண்ட் இரண்டு பங்கு ஓட வேண்டும். அதனால்தான் அதில் கேபிள் தடிமனாக இருந்தது. கடையில் கிடைக்கிற மெல்லிய 12 வோல்ட் கேபிளை மாட்டிவிட்டு வண்டியைக் குறை சொல்லக் கூடாது.

எஞ்சினே இறுகியிருக்குமோ என்று தோன்றினால், நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, முன்னால் கிராங்க் ஹேண்டிலை விட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் போய்விடும். ஆற்றுத் தண்ணீரில் இறங்கிய வண்டி சுற்ற மறுத்தால் வம்பு பண்ணாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரிப் பக்கம் பீடி வேண்டவே வேண்டாம்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். நம் மலையில் செல்ஃப் போன வண்டியைச் சரி பண்ணுவதில்லை. இறக்கம் பார்த்து நிறுத்தி, காலையில் பிரேக்கை விட்டு உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விடுகிறோம். “இருவது வருசமா இப்படித்தான்” என்று பெருமை வேறு. ஆத்திர அவசரத்துக்கு ஒருநாள் செய்யலாம். தினமும், அதுவும் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு செய்வது அநியாயம். பிரேக்குக்கு எஞ்சினின் துணை தேவைப்படும் வண்டியில், எஞ்சின் ஓடாதபோது மிதி கல்லாக இருக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அந்த அக்காமார்கள் நம் சிக்கனத்துக்கு ஈடாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், பார்க்காமலே பாகத்தை மாற்றுவது. இலை மஞ்சளானால் உடனே கடைக்கு ஓடாமல், வேரைப் பார், வடிகாலைப் பார் என்று பேசுகிற கூட்டம் நாம். ஏலத்தில் ஞள்ளானி ரகம் ஒரு விவசாயி தன் செடிகளைக் கூர்ந்து பார்த்ததால் வந்தது. அதே கண்ணை வண்டிக்குக் கொடுக்க ஏன் மனசு வரவில்லை?

பழைய வண்டி புகை கக்குகிறதே என்பார்கள். உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. பம்பும் நாசிலும் சரியில்லாத வண்டியை ஓட்டுவதும் விஷம் அடிப்பதும் ஒன்றுதான். ஆனால் புதிய வண்டியும் புதிய டிராக்டரும் கம்பெனியின் கணினி இல்லாமல் திறக்க முடியாததாகிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் கொலராடோ மாகாண விவசாயிகள் தங்கள் டிராக்டரைத் தாங்களே பழுது பார்க்கும் உரிமைக்காக நின்று 2023-ல் சட்டம் வாங்கினார்கள். நம் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறையும் 2022-ல் பழுது பார்க்கும் உரிமைக்குக் குழு போட்டது. வேளாண் கருவிகளும் அதில் உண்டு. விதைக்கு உரிமை கேட்கிற நாம் இதற்கும் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் உப்புத்தாளைக் கையில் எடுக்கத் தெரியாதவனுக்கு அந்த உரிமை எதற்கு என்று எவனாவது கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

ஜீவாமிர்தம் கலக்கச் சொல்லிக் கொடுக்கிற நம் மாதக் கூட்டத்தில், ஒரு மணி நேரம் இப்படி ஒரு ஓய்ந்த ஓட்டுநரைப் பேச வையுங்கள். அந்தக் கைகள் இன்னும் எத்தனை வருடம் இருக்கும் என்று தெரியாது. தோட்டத்துப் பெண்களையும் அழையுங்கள். அந்த வண்டியில் போகிறவர்கள் அவர்கள்தான்.

என் வண்டி இப்போது சமதளத்தில், சக்கரத்துக்கு இரண்டு கல் வைத்து நிற்கிறது. பஞ்சகவ்யக் கேனுக்குப் புது வாஷர் போட்டாயிற்று.