மூன்றாவது விளக்கும் சிவப்பு இண்டிகேட்டரும்

1974-இல் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான்பிரான்சிஸ்கோவின் 343 டாக்ஸிகளில், பிரேக் பிடித்தால் எரியும் விளக்கு ஒன்றைப் பின்பக்கத்தின் நடுவில் கூடுதலாகப் பொருத்தினார். மற்ற டாக்ஸிகளோடு ஒப்பிட்டால், இவற்றைப் பின்னாலிருந்து இடித்த விபத்துகள் சுமார் 60 சதவீதம் குறைவு. அடுத்தடுத்த சோதனைகளும் ஏறக்குறையப் பாதி குறைவதாகக் காட்டின. 1986 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கை அமெரிக்கா கட்டாயமாக்கியது.

சாலையில் அந்தப் பலன் நிற்கவில்லை. 1987-இல் 8.5 சதவீதமாக இருந்தது, பிறகு 4.3 சதவீதத்தில் நிலைத்தது. புதுமையாக இருந்தவரை கண்ணை இழுத்த விளக்கு, எல்லாக் கார்களிலும் வந்ததும் பழகிப்போனது. ஆனாலும் தோல்வி என்று இதை ஒதுக்க முடியாது. எல்லா வாகனங்களிலும் இவ்விளக்கு வந்துவிட்டால் ஆண்டுக்குக் குறைந்தது 1,94,000 விபத்துகள் தவிரும் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே கணக்கிட்டது. பழகிய பிறகும் மிஞ்சிய பலனுக்குக் காரணம் அது இருக்கும் இடம். இரவில் எப்போதும் எரியும் பின்விளக்கும் சிவப்பு, பிரேக் விளக்கும் சிவப்பு. இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருந்தால், வெளிச்சம் கூடியதை வைத்துத்தான் பின்னால் வருபவர் புரிந்துகொள்ள வேண்டும். நடுவிளக்கோ பிரேக்குக்கு மட்டுமே எரிகிறது. முன்னால் போகும் காரின் கண்ணாடி வழியே அதற்கும் முந்தைய காரின் பிரேக்கைக்கூடச் சில வேளைகளில் காட்டிக்கொடுக்கிறது.

வேகமும் முக்கியம். இழை பல்பு சூடேறி முழு வெளிச்சம் தர எடுக்கும் நேரத்தைவிட எல்.இ.டி. சுமார் 0.2 விநாடி முந்துகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஐந்தரை மீட்டர். ஒரு காரின் நீளத்துக்கும் மேல்!

இவ்வளவு தெரிந்த நாட்டில், பின்பக்க இண்டிகேட்டர் இன்றும் சிவப்பாக இருக்கலாம் என்பதுதான் வேதனை. ஐரோப்பாவில் அது ஆரஞ்சு மஞ்சளாகவே இருக்க வேண்டும். அமெரிக்கக் கார்கள் பலவற்றில் பிரேக்குக்கும் திரும்புவதற்கும் ஒரே சிவப்பு விளக்குதான். பிரேக்கை மிதித்தபடி இண்டிகேட்டர் போட்டால் ஒரு பக்கம் மினுக்கும், மறுபக்கம் நிலையாக எரியும். நிலையாக எரியும் பக்கம் வேறு வண்டிக்குப் பின்னால் மறைந்திருந்தால், நடுவிளக்கைத் தேடித்தான் பிரேக்கா, திருப்பமா என்று தீர்மானிக்க வேண்டும்.

2009-இல் அதே நிர்வாகம் வெளியிட்ட ஆய்வில், திரும்பும்போதும் தடம் மாறும்போதும் பின்னாலிருந்து இடிபடுவதை மஞ்சள் இண்டிகேட்டர் 5.3 சதவீதம் குறைத்தது தெரிந்தது. விதி மட்டும் மாறவில்லை. ஐரோப்பாவில் மஞ்சளோடு விற்கும் காரையே அமெரிக்காவில் சிவப்பாக்கி விற்கும் நிறுவனங்கள் உண்டு. தோற்றத்துக்காகவும் செலவுக்காகவும் செய்யப்படும் இந்த மாற்றத்தைச் சட்டம்தான் தடுக்க வேண்டும். காரைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதன் சமிக்ஞையைப் படித்து உயிர் தப்ப வேண்டியவர் பின்னால் வரும் வேறொருவர்.