காலை இட்லியை விடாதீர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் ஷிப்டுக்காரர்களில் பலர் இப்போது 'சிக்ஸ்டீன் எய்ட்' இருக்கிறார்கள். பதினாறு மணி நேரம் பட்டினி, மீதி எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு. வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பது நல்லதுதான். எந்த வேளையை விடுகிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை.

"காலையில டிபன் சாப்பிடறதில்ல சார்" என்பதுதான் எல்லோரும் சொல்வது. இரவு பத்துக்கு ஷிப்டு முடிந்து வருகிறவர் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு நேரே போய்ப் படுக்கிறார். மறுநாள் மதியம்வரை பட்டினி என்கிறார். நடுவில் குடித்த டீயில் பாலும் சர்க்கரையும் இருந்ததே, அப்புறம் எப்படி அது பட்டினியாகும்?

காலையில் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். பொழுது சாயச் சாய அந்த வேகம் குறையும். 2018இல் அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த ஆண்களைக் காலையில் தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் சாப்பிட வைத்தார்கள். கடைசிச் சாப்பாடு மதியம் மூன்றுக்குள். ஐந்து வாரத்தில் எடை குறையவில்லை, ஆனால் இன்சுலின் நன்றாக வேலை செய்தது, ரத்த அழுத்தமும் இறங்கியது. எட்டே பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். 2020இல் 116 பேரை வைத்து இன்னொன்று நடந்தது. காலை உணவை விட்டு, மதியம் 12 முதல் இரவு 8 வரை சாப்பிட்டவர்களுக்கு, மூன்று வேளை சாப்பிட்டவர்களைவிடச் சொல்லும்படியாக எடை குறையவில்லை. காலை இட்லியைத் தின்றுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒருநாள் லேத் ஓட்டும் ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. கை நடுங்கியதில் மருந்துச் சீட்டைப் பிரிக்க முடியவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 52. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். காலையில் கிளிமிபிரைடு போட்டுவிட்டு, 'விரதம்' என்று டிபனை விட்டிருக்கிறார். சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அந்த மாத்திரை கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். மெட்பார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு மிக அதிகம்.

பூந்தமல்லியிலிருந்து வரும் என் முஸ்லிம் வாடிக்கையாளர்கள் ரம்ஜான் பிறக்கும் முன்பே டாக்டரைப் பார்த்து, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்கி வருகிறார்கள். மொபைலைப் பார்த்துப் பட்டினி தொடங்குகிறவர்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

தொழிலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டாவது ஷிப்டில் ஏழு மணிக்கு டீயும் பிஸ்கட்டும் மட்டும் கொடுத்தால் அவர் பத்தரைக்குப் பரோட்டாக் கடைக்குத்தான் போவார். அந்த நேரத்தில் சுண்டலோ சப்பாத்தியோ உட்கார்ந்து சாப்பிட, பட்டறைகள் அரை மணி நேரம் தர வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று அவர்கள் கேட்க வேண்டும்.